புரோகிராமைத் திட்டும் முன் கிரவுண்டைப் பாருங்கள்



அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்யும் வண்டியில் மோட்டார் சுற்றியதும் ஆர்டுயினோ தானாக ரீசெட் ஆகிறதா? "புரோகிராம் தப்பு" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். புது போர்டும் வாங்காதீர்கள்.

பேட்டரி, ஆர்டுயினோ, எல்298என் டிரைவர் மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டு அனுப்பும் 5 வோல்ட்டை டிரைவர் எதிலிருந்து கணக்கிடும்?

இணைத்தும் தகராறு என்றால் ஒயர் போகும் வழியைப் பாருங்கள். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுற்றிப் போன கஷ்டம் நினைவிருக்கும். லாரியும் சைக்கிளும் ஒரே குறுகிய வழியில் போனால் என்ன ஆகும்? மோட்டார் கரண்டும் சென்சார் கரண்டும் ஒரே மெல்லிய ஜம்பர் ஒயரில் திரும்பினால் அதே நெரிசல்தான். ஒயர், இணைப்பு எல்லாம் சேர்ந்து அரை ஓம் இருந்து, 2 ஆம்பியர் போனால் 1 வோல்ட் அங்கேயே தொலைந்தது. நம்ம ஓம் விதிதான்!

டிரைவர் கிரவுண்டைத் தடித்த ஒயரில் நேராக பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோங்கள். ஆர்டுயினோ கிரவுண்டைத் தனி ஒயரில் டிரைவரின் கிரவுண்ட் டெர்மினலில் சேருங்கள்.

பரிசு வாங்கும் பிள்ளைக்கும் கரண்ட் எந்த வழியாகத் திரும்புகிறது என்று சொல்லத் தெரிவதில்லை. நெட்டில் கிடைத்த புரோகிராமை ஒட்டச் சொல்லும் பெரியவர்களைத்தான் குறை சொல்வேன். புது போர்டுக்கு வைத்த காசில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். மோட்டார் ஓடும்போது ஆர்டுயினோ கிரவுண்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பிள்ளையே அளக்கட்டும். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.