பாட்டும் கேட்கட்டும், பஸ் ஹாரனும் கேட்கட்டும்

தாராசுரத்துப் பெற்றோர்களே, கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோமே, அந்தக் காதில் மாட்டியிருக்கும் இயர்போனை வாங்கித் தந்தது யார்? நாம்தானே!

வெளிச்சத்தத்தை அடைக்கிற ரகமாகப் பார்த்து வாங்கியதில் தப்பில்லை. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்கள் அடிக்கிற ஹாரனுக்கு நடுவே சாதாரண இயர்போனில் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்குள்ளே வந்தால் தறிச் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்கிற பெண் கடைசிக் கோடு வரை தள்ளிவிடுகிறாள். அடைக்கிற ரகத்தின் ரப்பர் முனை காதில் கச்சிதமாக உட்கார்ந்தால் பாதி வால்யூமே போதும். அதற்காகத்தான் பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ரப்பர் வைக்கிறார்கள். எத்தனை வீட்டில் மாற்றிப் போட்டுப் பார்த்தோம்? பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 84 டெசிபலில் கேட்டால் வாரம் முழுவதற்கும் 5 மணி நேரம்தான். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. தட்டினால் சுரம் சொல்லும் கோயில் கல்படிக்குக் கம்பி வேலி போட்டுக் காக்கிற ஊர் நம்முடையது. பிள்ளை காதுக்கு என்ன வேலி போட்டோம்?

ஆனால் இயர்போன் வெளிச்சத்தத்தை அடைப்பது, உட்கார்ந்த இடத்தில்தான் நல்லது. ரோட்டில் அதுவே எமன். 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லா ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் செத்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்ததாகத் தெரிகிறது என்றார் அந்த மாநில முதல்வர். நம் ஊரிலும் தண்டவாளம் இருக்கிறது, குறுக்கே நடக்கிற பழக்கமும் இருக்கிறது. பாதை மின்சாரமாகிவிட்டது, டீசல் இன்ஜின் மாதிரி தூரத்திலேயே தடதடவென்று கேட்காது.

ரோட்டிலும் பிள்ளை இயர்போனை ஏன் கழற்றுவதில்லை தெரியுமா? சைக்கிளில் டியூஷன் விட்டு வரும்போது, "எங்கடா இருக்கே?" என்று ஐந்து நிமிடத்துக்கொரு தரம் போன் போடுகிறோம். எடுக்காவிட்டால் வீட்டில் அர்ச்சனை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டும் அப்பாவைப் பார்த்து வளர்கிற பிள்ளை வேறென்ன கற்கும்?

தயவுசெய்து, அவர்கள் ரோட்டில் இருக்கும் நேரத்தில் போன் செய்யாதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபின் மாட்டட்டும், இறங்குமுன் இரண்டு காதிலிருந்தும் கழற்றிப் பைக்குள் போடட்டும். காதில் இரைச்சல் என்று சொன்னால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிராமல், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.