காவலில் காணாமற்போனவர்கள்

புவனகிரியை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்ட பின்னர் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. தென்னார்க்காட்டுக் கலெக்டர் கார்ஸ்டின் துரை அது குறித்து விசாரணை செய்தார் என்பது சன்மார்க்க அன்பர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் செய்தி. பக்தியின்பாற்பட்ட அம்மறைவை ஆராய நாம் முற்படவில்லை. வெளியே பூட்டிச் சாவியைத் தம் வசம் வைத்திருந்தவர்களே ஆளைக் காணோம் என்று கைவிரித்த, நம் கடலூர் மாவட்டத்து மற்றொரு மறைவே நம் நெஞ்சை வருத்துகிறது.

1993 மார்ச்சில் முதனை கிராமத்துக் குறவர் சமூகத்தவரான ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கொன்றின் பெயரால் பிடித்துச் சென்ற கம்மாபுரம் போலீசார், அவர் தப்பியோடிவிட்டதாகக் கூறினர். அவர் நையப் புடைக்கப்பட்டதை நிலையத்திலேயே கண்ணாரக் கண்டிருந்த அவருடைய மனைவி அக்கூற்றை நம்ப மறுத்து, கம்யூனிஸ்ட் தோழர்களின் துணையுடன் சென்னை சென்று, வழக்கறிஞர் கே. சந்துரு வாயிலாக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அதன் பின்னரே, அந்நாளில் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மீன்சுருட்டிப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த சடலம் ராஜாக்கண்ணுவுடையதே என்பது வெளிப்பட்டது. காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006-இல். பதின்மூன்று ஆண்டுகள்!

அந்த ஏழைப் பெண்மணி பட்டணத்துக்குப் போகத் துணியாதிருந்தால், அவர் கணவர் இன்றளவும் தப்பியோடிய கைதியாகவே ஏடுகளில் இருந்திருப்பார். சந்தேகத்துக்குரியவர்களே ஏட்டையும் எழுதுபவர்களாக இருக்கும்போது உண்மை எங்ஙனம் வெளிவரும்? காவலில் ஒருவர் மாண்டாலும் மறைந்தாலும் நீதித்துறை நடுவர் விசாரிக்கவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி, இன்றைய பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 196-ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் ‘தப்பியோட்டம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவ்விதியைச் சுற்றிச் சென்றுவிடலாம் என்ற நிலை நீடிக்கலாகாது. காவலிலிருந்து தப்பியதாகச் சொல்லப்படும் ஒவ்வொருவரையும் காணாமற்போனவராகவே கருதி, அன்றைக்கே நடுவர் விசாரணை தொடங்கவேண்டும். அந்நிலையத்தார் எவருக்கும் புலனாய்வில் பங்கிருத்தல் கூடாது.

வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் 2007 பிப்ரவரியில் கையொப்பமிட்ட இந்தியா, இன்னும் அதனை ஏற்புறுதி செய்யவில்லை. வலிந்து காணாமலாக்குதலைத் தனிக் குற்றமாக்கும் சட்டமும் நம்மிடம் இல்லை. சிதம்பரம், கடலூர் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இவ்விரண்டையும் அடுத்த கூட்டத்தொடரிலேயே மக்களவையில் வற்புறுத்தவேண்டும்.