குஞ்சுகளுக்கு முதல் 3 வாரமே முக்கியம்

கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கான கட்டுப்பாடு இறுகி வருகிறது. கோழிகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இவற்றைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முழுமையாகத் தடை செய்தது. நம் நாட்டில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்கு 'கொலிஸ்டின்' கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. வேறு மருந்து எதுவும் கேட்காத நிலையில் மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து அது.

இருந்தும், குஞ்சு இறக்கிய முதல் நாளே 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கம் பல பண்ணைகளில் உள்ளது. நோயில்லாத குஞ்சுக்கு இதனால் இழப்புதான் அதிகம். தாய்க்கோழியுடன் மேயும் குஞ்சு, அதன் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தானாகவே பெற்றுவிடும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் குடலில் மெல்லக் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களையும் மருந்து அழித்துவிட்டால், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் எளிதாக இடம்பிடிக்கும்.

பின்லாந்து விஞ்ஞானிகள் நுர்மியும் ரன்டாலாவும் 1973-லேயே இதை நிரூபித்தனர். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சால்மோனெல்லா தொற்று வெகுவாகக் குறைந்தது. அதற்காகக் கோழி எச்சத்தைக் கலந்து கொடுத்துவிடக் கூடாது; வேறு நோய்கள் தொற்றும். கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் புரோபயாடிக்கை முதல் நாளிலிருந்தே தரலாம்.

மற்றவை பண்ணையாளரின் கையில்தான் உள்ளன. குஞ்சு வந்ததும் தண்ணீர், தாமதமின்றித் தீவனம் தர வேண்டும். முதல் வாரம் புரூடருக்குள் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரம் 2 முதல் 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். வாய் பிளந்து விலகிப் படுத்தால் வெப்பம் அதிகம். குளிரில் வாடும் குஞ்சு மஞ்சள் கருவைச் சரியாக உறிஞ்சாது. தாயிடமிருந்து வரும் நோய் எதிர்ப்புப் புரதம் அந்த மஞ்சள் கரு வழியாகத்தான் குஞ்சுக்குக் கிடைக்கிறது.

அந்தப் பாதுகாப்பும் 2, 3 வாரங்களில் கரைந்துவிடும். அதற்குள் தடுப்பூசிகள் வேலையைத் தொடங்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு 5 முதல் 7-ம் நாளில் எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்தும், 14-ம் நாளையொட்டி கம்போரோ தடுப்பு மருந்தும், 4-வது வாரத்தில் மீண்டும் லசோட்டாவும் தருவது வழக்கம். தடுப்பு மருந்தைக் குடிநீரில் கொடுத்தால், அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. குளோரின் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஆழ்கூளத்தை அடிக்கடி கிளறி, ஈரமின்றி வைக்க வேண்டும். ஈரம் கூடினால் ரத்தக்கழிச்சல் பெருகும்.

குஞ்சுகள் நோயுற்றால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். ஆனால் இறந்த குஞ்சைப் பரிசோதித்து, நோயை உறுதி செய்து, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே தர வேண்டும். குஞ்சு சாகிறது என்று பண்ணையாளர் அழைத்தால், களப்பணியாளர்கள் புரூடர் வெப்பத்தையும் தண்ணீரையும் கூளத்தையும் முதலில் பார்க்க வேண்டும். மருந்துப் பெயர் அதற்குப் பிறகுதான்.