பள்ளிக்கூடச் சுவத்துல அதலைக்காய்

எங்க ஊரு பள்ளிக்கூடத்துச் சுத்துச்சுவத்துக்கு வெள்ளையடிச்சு, படம் வரையப் போறோம்னு சொன்னாங்க. ஓவியர் கொண்டாந்த மாதிரியப் பாத்தேன். ஆப்பிள், கேரட், முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெர்ரி. கரிசல் காட்டுல ஸ்ட்ராபெர்ரி எங்கய்யா வெளையுதுன்னு கேட்டேன். "அப்ப நீங்களே பட்டியல் குடுங்க"ன்னுட்டாரு தலைமையாசிரியர். நியாயந்தான்.

நான் யோசிச்சு யோசிச்சு எட்டுப் பேரு எழுதினேன். வாழ்நாளெல்லாம் களையெடுத்த எங்க பெரியம்மாகிட்ட போனேன். உக்காந்த எடத்துலயே இருபதுக்கு மேல சொல்லிட்டாங்க. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை, முடக்கத்தான், பிரண்டை, தூதுவளை, மிதுக்கங்காய், அதலைக்காய்... நாம களைன்னு பிடுங்குறதுல பாதியை அவங்க மடியில கட்டிக் கொண்டாந்து கொழம்பு வச்சவங்க.

ஓவியர் செல்போனைப் பாத்து அதலைக்காய் வரைஞ்சாரு. பெரியம்மா பாத்துட்டு, "என்னய்யா இது, பாவக்காயில்ல வரைஞ்சிருக்கு"ன்னாங்க. அதலைக்காய் சுண்டுவிரல்ல பாதிதான் இருக்கும். மேல வரிவரியா ஓடும், பாவக்காய் மாதிரி முள்ளு கிடையாது. சரி, நெசக் கொடியவே காட்டுவோம்னு என் புஞ்சைக்குப் போனேன்.

மூணு ஏக்கர்ல ஒரு கொடி இல்ல.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அதலையை யாரும் விதைக்கிறதில்ல. மண்ணுக்குள்ள கிழங்கு கெடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் தானா கொடி கெளம்பும், மழைக்காலம் முடிய காய்க்கும். பறிச்சு ரெண்டு நாள் வச்சா வெடிச்சுரும், அதனால அன்னைக்கன்னைக்கே சமைக்கணும். ரெண்டு முனையையும் கிள்ளிட்டு வதக்கி புளிக்கொழம்பு வச்சா, அந்தக் கசப்புக்கே இன்னொரு கை சோறு எறங்கும்.

அது எங்க போச்சு? நான்தான் கொன்னேன். பருத்தியை விட்டுட்டு மக்காச்சோளத்துக்கு மாறி பன்னெண்டு வருஷமாச்சு. விதைச்ச மூணாம் நாளு அட்ரசின் அடிக்கிறேன், அகல இலைச் செடியெல்லாம் முளையிலேயே கருகிரும். வரப்புக்கு கிளைபோசேட். அது இலை வழியா எறங்கி வேரு, கிழங்கு வரைக்கும் போயிரும். களையெடுக்க ஆள் கெடைக்கல, கெடைச்சாலும் கூலி குடுத்துக் கட்டுப்படியாகல. பொய் சொல்லல, என் நெலமை அதுதான். இதுல 2018-ல படைப்புழு வேற வந்து அடிச்சுட்டுப் போச்சு.

கடைசியில பக்கத்து உளுந்துக் காட்டுல, மருந்து அடிக்காத ஒரு மூலையில ரெண்டு கொடி கெடைச்சுது. அதைப் பாத்துதான் வரைஞ்சாரு. நல்லா வந்திருக்கு. பெரியம்மாவே ஒத்துக்கிட்டாங்க. பிள்ளைக சுவத்துப் படத்தைப் பாத்துட்டு வீட்டு முத்தத்துல மூக்கிரட்டையைக் கண்டுபிடிக்குதுக. சுவத்துப் படம் வீண் செலவுன்னு சிலர் பேசுறாங்க. எனக்கு அப்படித் தோணல. இந்த மார்கழியில நம்ம பொண்ணுக தெருவுல கோலம் போட்டு சாணி உருண்டையில பூசணிப்பூ வைக்குதுகளே, அதுவும் ஊரு பாக்குற படந்தான். ஆனா அதுக்குப் பூசணிக்கொடி வேணும். கொடி இல்லாம பூ வராது.

என் வருத்தம் வேற. படம் முடிஞ்ச மறுநாள், தெறப்பு விழாவுக்குச் சுத்தம் பண்றோம்னு சுவத்தோரம் பூரா களைக்கொல்லி அடிச்சுட்டாங்க. மேல தூதுவளைப் படம், கீழ தூதுவளை காஞ்சு கெடக்கு. இப்ப அந்த எடத்துல பேவர் பிளாக் பதிக்கப் போறதாப் பேச்சு.

ஜனவரி 26 கிராமசபையில எந்திரிச்சுக் கேக்கப் போறேன். சுவத்தோரம் ரெண்டடி அகலத்துக்கு மண்ணு மண்ணாவே கெடக்கட்டும், மருந்தும் வேண்டாம், கல்லும் வேண்டாம். என்னைப் பாத்து "நீ அடிக்கலயா"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். வர்ற புரட்டாசியில என் கெழக்கு அரை ஏக்கர்ல மக்காச்சோளம் போடாம, கம்பும் தட்டாம்பயறும் கலந்து போட்டு கையால களையெடுக்கலாம்னு வீட்டுல பேசியிருக்கோம். நட்டம் எவ்வளவுன்னு அப்ப எழுதுறேன்.

கொடி காஞ்சதும் அந்த உளுந்துக் காட்டுக்காரர்கிட்ட கேட்டு நாலு கிழங்கு தோண்டி சுவத்தோரம் வைக்கணும். ரெண்டு கொடியை நம்பி முடியாது. சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துல யாரு புஞ்சையிலயாவது அதலை இருந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்.