மின் விநியோகமும் கணனி வரைபடமும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மின் விநியோகத்தின் குறைபாடுகளைக் களைவதற்கு வரைபட மென்பொருளொன்றை வாங்கிவிட்டாற் போதுமென்னும் எண்ணம் கற்றோர் பலரிடத்தும் குடிகொண்டுள்ளது. கருத்தரங்கத் திரையில் வண்ணக் கோடுகளாக ஒளிரும் வலையமைப்பைக் கண்டு வியப்போர், அக்கோடுகளுக்குரிய கம்பங்கள் எந்த மணலில் நிற்கின்றன என வினவுவதில்லை. புத்தளக் கரையோரத்தை நோக்கின், இவ்வெண்ணம் எத்துணை மேம்போக்கானது என்பது புலனாகும்.

கற்பிட்டித் தீபகற்பத்து நுரைச்சோலையில் 2011 இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்று அலகுகளும் நிறைவெய்திய அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. அங்கு பிறக்கும் மின்சாரம் 220 கிலோவோற்றுக் கம்பிகள் வழியே வெயாங்கொடைக்கும் அநுராதபுரத்துக்கும் செல்கின்றது. அக்கம்பிகள் தலைக்கு மேலாகச் செல்வதனால் மட்டும் ஓர் ஊருக்கு ஒளி கிட்டிவிடுவதில்லை. துணைமின் நிலையத்தில் 33 கிலோவோற்றாகவும், பின்னர் ஊர் மின்மாற்றியில் 400 வோற்றாகவும் தாழ்த்தப்பட்ட பின்னரே அது வீட்டை வந்தடைகின்றது. பெருங்கம்பிகள் இடையறாது கண்காணிக்கப்படுவன. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாட்டையே இருளாக்கியபோது, அதன் காரணம் அன்றே உலகெங்கும் பேசப்பட்டது. உடப்பிலோ கண்டக்குழியிலோ ஒரு மின்மாற்றி பழுதுற்றால் நிலைமை வேறு. முறையான பதிவில்லாதவிடத்து, எத்தனை வீடுகள் இருளிலுள்ளன என்பதை அறியக் காரியாலயம் எவரேனும் தொலைபேசியில் முறையிடும்வரை காத்திருக்கவே வேண்டும்.

வரைபட மென்பொருளின் உண்மைப் பயன் படம் வரைவதில் இல்லை; தொடர்பினைப் பதிவதிலேயே உள்ளது. எந்த வீடு எந்த மின்மாற்றியோடு, அதன் மூன்று கம்பிகளுள் எதனோடு இணைந்துள்ளது, அம்மின்மாற்றி எந்த 33 கிலோவோற்றுக் கிளைவழியைச் சார்ந்தது என்பன பிழையறப் பதியப்பட்டாலன்றி, அப்படம் சுவரில் மாட்டும் அலங்காரமேயாம். ஒரு மின்மாற்றி வழியே சென்ற மின்சாரத்தையும் அதன்கீழுள்ள வீட்டு மானிகள் காட்டும் தொகையையும் ஒப்பிட்டு இழப்பை அறிவதும் இப்பதிவு கொண்டே. அதனினும் பெரிதொன்று உண்டு. துண்டிக்கப்பட்டதெனப் படம் காட்டும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பின், கம்பமேறிய ஊழியனின் உயிர் போகும். பிழையான படம் படமின்மையிலும் கொடிது.

கரையோரத்திற் பிழை நுழைவது மிக எளிது. உப்புக் காற்றுப் பீங்கான் காவலிகளிற் படிந்து மின்கசிவை உண்டாக்குகின்றது, உலோகப் பகுதிகள் விரைந்து துருப்பிடிக்கின்றன, பழுதுபார்ப்பு ஓய்வதில்லை. இறால் வளர்ப்புக் குளங்களின் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் விடியலுக்கு முன்னரே மிகவும் குறைவதனால், அவ்வேளையிற் காற்றூட்டும் இயந்திரம் நின்றுவிடின் ஒரு பருவ முதலீடு மிதந்துவிடும். கற்பிட்டி மணலிற் பயிர் செய்வோருக்கோ நீரிறைக்கும் பம்பியே உயிர். இத்தகைய நெருக்கடியில் நள்ளிரவில் வரும் ஊழியர், சுமை மிகுந்த கம்பியிலிருந்து சில வீடுகளை வேறொன்றுக்கு மாற்றி நிலைமையைச் சமாளிப்பர். அம்மாற்றம் அவர்தம் நினைவில் மட்டுமே தங்கின், மறுநாள் கணனி காட்டுவது ஏட்டுச் சுரைக்காயே.

இந்தியாவின் அனுபவம் இங்கு நோக்கத்தக்கது. 2008 இல் அங்கு தொடங்கிய விநியோகச் சீர்திருத்தத் திட்டம், மின் சொத்துக்களையும் பாவனையாளரையும் வரைபடத்திற் பதிவதைக் கட்டாயமாக்கியது. ஆயின் பொதுவாக 30,000 மக்களுக்கு மேற்பட்ட நகரங்களையே அது தெரிந்தெடுத்தது. அவ்வளவுகோலைப் புத்தளக் கரையிற் பிரயோகித்தால், மீனவக் குடியிருப்புகளுள் எது தேறும்? 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். முகாம்களாகத் தோன்றி ஊர்களாக நிலைத்த அக்குடியிருப்புகள், அதற்கு முந்திய நில அளவைப் படங்களில் இடம்பெற்றிருக்க முடியாது. பழைய படத்தை அடியாகக் கொண்டு புதிய மென்பொருளை ஏற்றுவோர், அம்மக்களை இரண்டாம் முறையும் வெளியேற்றுவோராவர். அவர்கள் பாவிக்கும் மின்சாரம் ஏட்டில் ‘இழப்பு’ என்றே எஞ்சும்.

செலவைக் காரணங்காட்டி இவ்விடயத்தை ஒத்திப்போடுவோர் உளர். இலங்கை மின்சார சபை நிறுவப்பட்ட 1969 ஆம் ஆண்டிலேதான் வரைபட மென்பொருளிற் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான எஸ்ரியும் தோன்றியது. அக்காலத்தில் இத்தொழில்நுட்பம் செல்வர்க்கே உரியது. 2002 இல் உருவாக்கம் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருளையோ எவரும் விலையின்றிப் பெறலாம். பணம் வேண்டுவது நடப்பதற்கே: கம்பத்துக்குக் கம்பம் நடந்து, ஒவ்வொரு வீட்டிணைப்பையும் கண்ணாற் கண்டு குறிப்பதற்கு. அவ்வாறு குறிப்போர் மக்கள் வழங்கும் பெயரையும் குறித்தல் வேண்டும். ‘உடப்பு’ என முறையிடுவோனுக்கு ‘உடப்புவ’ என்னும் பதிவு மட்டுமே இருப்பது எவ்வாறு உதவும்?

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்க வழிவகுத்தது. இத்தகைய கைமாற்றத்திற் கம்பங்களும் மின்மாற்றிகளும் பட்டியலிடப்படும்; அவற்றை வீடுகளோடு பிணைக்கும் அறிவு பட்டியலில் வராது. முப்பது ஆண்டு இக்கரையிற் கம்பமேறியவர் ஓய்வுபெறும் நாளில் அவ்வறிவும் அவரோடு வீடு சென்றுவிடும். அவரை நகரத்துப் பயிற்சிக்கு அழைத்து மென்பொருளைக் கற்பிப்பதன் முன், படம் வரைவோரை அவர் பின்னே ஒரு மாதம் நடக்க விடுக. படத்தைத் திருத்தும் உரிமையையும் அவர் கையிலேயே கொடுக்க.