இணையவழியில் கத்தி விற்போரின் பெயர், முகவரி, பொறுப்பு ஆகியவற்றை உறுதிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
மீன் வெட்டுவோர், சமையல்காரர்கள், சிற்றுண்டி விடுதி நடத்துவோர் சேர்ந்த சங்கம்,
கடலூர் முதுநகர் மற்றும் சிதம்பரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மஞ்சக்குப்பம், கடலூர்.

நகல்: சார் ஆட்சியர், சிதம்பரம், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர்.

பொருள்: இணையவழியில் கத்தி வாங்கி ஏமாறுவது – நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 16-இன் கீழ் விசாரணையும் பிற நடவடிக்கைகளும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நாங்கள் கத்தி பிடித்துப் பிழைப்பவர்கள். இம்மனுவின் நகல் காவல் துறைக்கும் செல்வதால் உடனே விளக்கிவிடுகிறோம். முதுநகர்த் துறைமுகத்திலும் முடசலோடை, பரங்கிப்பேட்டைக் கரைகளிலும் மீன் வெட்டிக் கொடுப்பவர்கள், பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழம் பிளந்து சுளை விற்பவர்கள், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர்கள், சிதம்பரம் தேரோடும் வீதிகளில் சிற்றுண்டி விடுதி நடத்துபவர்கள் ஆகியோர் எங்கள் உறுப்பினர்கள். காலையில் எடுக்கும் கத்தியை இரவில்தான் கீழே வைக்கிறோம். அது மழுங்கினால் அன்றைய வேலை கெடும். பிடி கழன்றால் கை போகும்.

முன்பெல்லாம் கத்தி வாங்க ஊர்ப் பட்டறைக்குத்தான் போவோம். வாங்கிய கத்தி இரண்டாம் நாளே மடங்கினால் திரும்பக் கொண்டுபோய், "என்ன ஆசாரி, பதம் ஏறவில்லையே" என்று கேட்கலாம். அவர் முகம் சுளித்துக்கொண்டே மறுபடி உலையில் வைத்துப் பதம் போட்டுத் தருவார். அவர் ஓடிப்போக மாட்டார், பட்டறை அங்கேயே இருக்கும். இன்று உலை எரியும் பட்டறைகள் அருகிவிட்டன. பாத்திரக் கடைகளில் இரண்டு மூன்று வகைகளுக்கு மேல் கிடைப்பதில்லை. மீனின் முதுகெலும்பை ஒட்டிச் சதை எடுக்க மெல்லிய, வளையும் அலகு வேண்டும். வஞ்சிரத்தைத் துண்டு போடக் கனத்த அலகு வேண்டும். வெங்காயம் மூட்டை மூட்டையாக நறுக்க வேறு கத்தி வேண்டும். ஆகவே இளைய உறுப்பினர்கள் கைப்பேசியில் தேடி ஆர்டர் போடுகிறார்கள். அதைத் தவறென்று நாங்கள் சொல்லவில்லை. இந்த ஊர்க் கடையில் கிடைக்காத நல்ல கத்தி இணையத்தில் கிடைக்கவும் செய்கிறது. விற்றவரைத் திரும்பப் பார்க்க முடியாமல் போவதுதான் எங்கள் குறை.

ஒரு சமையல்காரர் வாங்கிய வெட்டுக்கத்தியின் அலகு மூன்றாம் நாள் பிடியைவிட்டுக் கழன்று தெறித்தது. உடைத்துப் பார்த்தால், பிடிக்குள் விரலளவு கம்பி மட்டுமே பசையால் ஒட்டப்பட்டிருந்தது. படத்திலோ அலகு பிடியின் கடைசிவரை ஓடுவதாகக் காட்டியிருந்தார்கள். விற்றவரைத் தேடினால், பொருளின் பக்கத்தில் ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. முகவரி என்ற இடத்தில் மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தது. சந்தைத் தளத்தைக் கேட்டால் விற்பவரைக் கேளுங்கள் என்கிறது, விற்பவரைக் கேட்டால் பதிலே இல்லை.

"ஜப்பான் ஸ்டீல்", "ஜெர்மன் ஸ்டீல்" என்று எழுதுகிறார்கள். எந்த வகை எஃகு, எவ்வளவு கடினம் என்று எழுதுவதில்லை. கத்தி செய்வதற்கென்றே பெயர்பெற்ற 1.4116 என்ற ஜெர்மன் எஃகு உண்டு. அதில் கரிமம் சுமார் அரை சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். பதம் போட்டால் ராக்வெல் அளவில் 55 முதல் 57 வரை கடினம் வரும். இதைப் போன்ற விவரத்தை ஒரு விற்பனையாளர் எழுதினால் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். "உயர்தர 304 ஸ்டெயின்லெஸ் கத்தி" என்று பெருமையடிக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. 304 பாத்திரத்துக்கு உகந்த எஃகு. அது சூடேற்றிப் பதம் போட்டாலும் கடினப்படாது, கூர் நிற்காது. "டமாஸ்கஸ்" என்று விற்கப்படும் மலிவுக் கத்திகள் பலவற்றில் அலையலையான கோலம் மேற்பரப்பில் பதித்த படம் மட்டுமே. நாலு முறை சாணை பிடித்தால் அழிந்துவிடும்.

கத்தித் தொழிலில் நம்பிக்கை எங்கும் பெயரையும் ஊரையும் வைத்தே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஷெபீல்டில் கத்தி செய்வோர் சங்கம் 1624-இல் சட்டத்தின் வழியே அமைக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம் முத்திரையைப் பதிவு செய்து அலகில் அடிக்க வேண்டும். கத்தி கெட்டால் முத்திரையைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம். ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்யாத கத்தியில் அந்த ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்று 1938-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த ஷெபீல்டுக்கும் நம் மாவட்டத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாதுவை நம்பி எழுந்த ஆலை அது. பிறகு அவர் இங்கிலாந்து சென்று, எஃகு உருக்குகையில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அம்முறையால் ஷெபீல்டில் நல்ல எஃகின் விலை சரிந்தது, கத்திக்காரர்கள் கொழித்தார்கள். ஹீத் தம் காப்புரிமைக்காக வழக்காடி அலைந்து 1851-இல் இறந்தார். உலகக் கத்தித் தொழிலுக்கு வழிகாட்டிய ஒருவர் ஆலை நடத்திய கரையில் நின்று மீன் வெட்டுகிறவர், தம் கையிலுள்ள கத்தியைச் செய்தது யாரென்று தெரியாமல் நிற்கிறார்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சந்தைத் தளம் விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை வாங்குபவர் பார்க்கும்படி காட்ட வேண்டும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டியது 2018 ஜனவரி 1 முதல் கட்டாயம். குறைபாடுள்ள பொருளால் காயம்பட்டால் இழப்பீடு கேட்க 2019 சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாதபோது விற்றவரே பொறுப்பு என்கிறது பிரிவு 86. விற்றவரும் யாரென்று தெரியாவிட்டால் அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

ஆகவே எங்கள் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவதும் முதன்மையானதும் இது. நுகர்வோரின் உரிமைகள் ஒரு தொகுதியாக மீறப்படும்போதும், பொய்யான விளம்பரம் வரும்போதும், புகாரின் பேரில் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தைப் பிரிவு 16 மாவட்ட ஆட்சியருக்கே தந்திருக்கிறது. இம்மனுவை அத்தகைய புகாராகவே ஏற்க வேண்டுகிறோம். உறுப்பினர்களின் ரசீதுகள், பொருள் பக்கங்களின் படப்பிரதிகள், உடைந்த கத்திகள் எல்லாம் தயாராக உள்ளன. ஆணையம் சமையலறைப் பொருள்களைக் கண்டுகொள்ளாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தர முத்திரை விதிக்கு இணங்காத பிரஷர் குக்கர்கள் விற்கப்பட்டதற்காக, 2022 ஆகஸ்டில் அமேசான் வழி விற்ற 2,265 குக்கர்களையும் பிளிப்கார்ட் வழி விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்குமாறும், தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் செலுத்துமாறும் அது ஆணையிட்டது. வெடிக்கும் குக்கருக்குக் காட்டிய அக்கறையைத் தெறிக்கும் அலகுக்கும் காட்டலாம்.

இரண்டாவதாக, தொழிலாளர் துறையின் எடையளவு அமலாக்கப் பிரிவு, இம்மாவட்டத்துக்கு வந்து சேரும் கத்திப் பொட்டலங்களையும் அவற்றின் இணையப் பக்கங்களையும் ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாட்டின் பெயரும் பொட்டலத்தில் வேறொரு நாட்டின் பெயரும் இருப்பதை நாங்களே கண்டிருக்கிறோம்.

மூன்றாவது கோரிக்கை காவல் துறைக்கு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கும்போதே, வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றை விலக்கிவைக்கின்றன. வெட்டுக்கத்தியும் பலா பிளக்கும் அரிவாளும் இந்த விலக்குக்குள் வருபவை. சண்டைக்கென்றே செய்த கத்தியைச் "சமையலறைக் கத்தி" என்று பெயர் மாற்றி இளைஞர்களுக்கு விற்பவர்களைக் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பஸ்ஸில் கோணிப்பையில் கத்தி கொண்டுபோகும் சமையல்காரரை நடுவழியில் இறக்கிவிட்டு விசாரிப்பது அதற்குத் தீர்வாகாது. எது தொழிற்கருவி, எது ஆயுதம் என்று விளக்கும் சுற்றறிக்கையைக் காவல் நிலையங்களுக்கு அனுப்ப வேண்டுகிறோம். எந்தச் சான்றை உடன் வைத்திருக்கச் சொன்னாலும் வைத்துக்கொள்கிறோம்.

நான்காவதாக, சிதம்பரத்தில் உதவி மேசை. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் திங்கள்கிழமைக் குறைதீர்க் கூட்டமும் கடலூரில் நடக்கின்றன. கிள்ளையிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ ஒருவர் ஐந்நூறு ரூபாய்க் கத்திக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார். புகாரை இணையத்திலேயே பதியலாம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. காணொலி வழியே ஆஜராகவும் வழியுண்டு. இவையெல்லாம் எங்கள் உறுப்பினர்களில் பலருக்குத் தெரியாது. சார் ஆட்சியர் அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் ஓர் அலுவலர் அமர்ந்து படிவம் நிரப்ப உதவினால் போதும். இங்கே இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறோம். "நீங்கள் தொழிலுக்காக வாங்கினீர்கள், நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று சொல்லிச் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று பிரிவு 2(7) விளக்கம் தெளிவாகக் கூறுகிறது. இதை அந்த மேசையின் மேலேயே எழுதி ஒட்டினாலும் நல்லது.

ஐந்தாவதாக, இணையத்தில் கத்தி வாங்குவோருக்குத் தமிழில் ஒரு பக்க அறிவிப்பு வேண்டும். மீன் அங்காடிகளிலும் உழவர் சந்தைகளிலும் அதை ஒட்ட வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டுமென்று அனுபவத்திலிருந்து சொல்கிறோம். தளத்தின் பெயரை நம்பாமல், பொருளுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் விற்பனையாளர் பெயரைத் திறந்து பார்க்க வேண்டும். கதவு எண்ணும் தெருவும் இல்லாத முகவரி முகவரியே அல்ல. ரசீதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். நட்சத்திரக் குறிகளை எண்ணாமல், ஆறு மாதம் புழங்கிய பிறகு எழுதியவர்களின் கருத்தைத் தேடிப் படிக்க வேண்டும். இணையக் கருத்துரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருந்தாலும் அது கட்டாயமானதல்ல. "இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று கடிகாரம் ஓடினால் அவசரப்பட வேண்டாம். பொய்யான அவசரம் காட்டுவது 2023 நவம்பர் 30-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளால் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. பிரித்த கத்தியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே படிக்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும். விடுதிக்குப் பத்து கத்தி தேவையென்றால் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, இரண்டு முறை சாணை பிடிக்கும்வரை பார்த்துவிட்டு மீதியை வாங்க வேண்டும். குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். போலித் தளத்தில் பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாக, நம் பட்டறைகள். இம்மாவட்டத்தில் மீதமிருக்கும் கொல்லர்களில் தகுதியுள்ளோரைக் கலைஞர் கைவினைத் திட்டக் கடனுக்கும் மானியத்துக்கும் விண்ணப்பிக்கச் செய்து, தங்கள் பெயரையும் ஊரையும் அலகில் பொறித்து இணையத்தில் விற்க மாவட்டத் தொழில் மையம் உதவ வேண்டும். பரங்கிப்பேட்டை என்றோ பண்ருட்டி என்றோ முத்திரை குத்திய மீன் கத்தி வந்தால் முதல் ஆளாக வாங்க எங்கள் உறுப்பினர்கள் காத்திருக்கிறார்கள்.

இவற்றில் முதல் கோரிக்கையின் மீதாவது உடனடியாக விசாரணைக்கு உத்தரவிட்டு, எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விசாரணை எந்த நாளில் வைத்தாலும், உடைந்த கத்திகளுடனும் ரசீதுகளுடனும் உறுப்பினர்கள் நேரில் வந்து சாட்சி சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.