நாடா வெட்டும் கத்தரிக்கோல் தொப்புள்கொடி வெட்டுமா?

திறப்பு விழாக்களுக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. வாழை கட்டுவார்கள், நிறைகுடம் வைப்பார்கள், நாதசுரம் முழங்கும், அமைச்சர் வருவார். பட்டு நாடா வெட்டப்படும். கல்லிலே பொறித்த தம் பெயரைத் தாமே திரை நீக்கி வாசித்து அவர் மகிழ்வார். "தாய்மாரின் நலனே எமது அரசின் உயிர்மூச்சு" என்று பேச்சு நடக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் வாகனங்கள் வந்த வழியே திரும்பிவிடும்.

எஞ்சி நிற்பது கட்டடம். அந்தக் கட்டடத்துக்குள்ளே நின்று பிள்ளை பெறுவிப்பவள் யார்? இரவு இரண்டு மணிக்கு நோவெடுத்து வரும் பெண்ணின் கையைப் பிடிப்பவள் யார்? அவளுடைய மொழியில் "பயப்படாதே, பிள்ளை" என்று சொல்பவள் யார்? இந்தக் கேள்விகளை விழா மேடையில் எவரும் எழுப்புவதில்லை. ஆகவே நாம் எழுப்புகின்றோம்.

நல்லதை மறைக்கமாட்டோம்

குற்றம் காண்பதே எமது தொழில் என்று எவரும் கருத வேண்டாம். இத்தீவின் அரசாங்கங்கள் பெண்கள் நலத்துக்காகச் செய்த நற்பணியை நாம் நன்றாகவே அறிவோம். 1930ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே ஓர் இலட்சம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ இரண்டாயிரம் தாய்மார் மாண்டார்கள். இன்று அத்தொகை முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இத்தீவிலும் பன்மடங்கு செல்வம் படைத்த நாடுகள் சில இன்னும் இந்த நிலையை எட்டவில்லை. இது பெருமைக்குரிய சாதனையே.

ஆனால், இந்தச் சாதனையைச் செய்தது எது? மாடிக் கட்டடங்களா? இல்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையே அதற்கு வித்திட்டது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி ஒருத்தியைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அவள் கையில் ஒரு பை. காலில் ஒரு சோடிச் செருப்பு. மனத்தில் அவ்வூர்க் கர்ப்பிணிகள் அத்தனை பேரின் கணக்கு. அவள் படலையைத் திறந்து உள்ளே வந்தாள். திண்ணையிலே இருந்து பேசினாள். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். முகம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாள். ஆபத்து வருமுன்னே அதை அறிந்து வைத்தியசாலைக்கு அனுப்பினாள். மலேரியாவை அடக்கியதும், பெண்கள் எழுத்தறிவு பெற்றதும், இலவச வைத்தியம் ஊரெங்கும் பரவியதும் அவளுக்குத் துணை நின்றன. எனினும் வாசற்படி மிதித்து வந்தவள் அவளே. தாய்மாரைக் காத்தது கல்லன்று, கை!

இன்னொன்றையும் நாம் நினைவூட்ட விரும்புகின்றோம். 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே வாக்குரிமை கிடைத்தது. குடிசைப் பெண்ணின் வாக்கு வேண்டுமானால் குடிசைப் பெண்ணின் பிரசவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற ஞானம் அதன் பின்னரே அரசியல்வாதிக்குப் பிறந்தது. வாக்கு முன்னே வந்தது. மருத்துவிச்சி பின்னே வந்தாள். இதை வாசகர்கள் மனத்திற் கொள்க. இக்கட்டுரையின் சாரம் இதிலேயே அடங்கியிருக்கிறது.

கொடையால் வாழ்ந்த குடாநாடு

யாழ்ப்பாணத்தின் கதையோ வேறு. இங்கே பெண்களின் வைத்தியம் பெரும்பாலும் பிறர் இட்ட கொடையாகவே வளர்ந்தது.

1847இல் இம்மண்ணுக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் இளைஞருக்கு வைத்தியம் கற்பித்தார். நோயாளியின் மொழி தமிழாயின் வைத்தியனின் கல்வியும் தமிழிலேயே இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். பிரசவ வைத்தியம் பற்றிய மேனாட்டு நூல் 1857இலேயே அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. அடுத்து, லீச் சகோதரிகள் கடல்கடந்து சென்று திரட்டிய பணத்தால் 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார் அங்கே நெடுங்காலம் தொண்டாற்றினார். ஆண் வைத்தியரின் முன் வர நாணிய பெண்கள் அந்த அம்மையாரிடம் தயங்காமல் வந்தனர்.

நன்றி மறப்பது நன்றன்று. அவர்களை நாம் கைகூப்பி வணங்குகின்றோம். ஆனால் அக்காலத்தில் நம்மவர் செய்த தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1931இல் தென்னிலங்கை வாக்குச் சாவடிக்குப் போனபோது யாழ்ப்பாணம் தேர்தலைப் பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியம் வேண்டும் என்ற அந்த இலட்சியம் உயர்ந்ததே. எனினும் 1934 வரை குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் அரசாங்க சபையில் வெறுமையாகக் கிடந்தன. கேட்பதற்கு வாயில்லாத வீட்டுக்குப் பங்கு யார் கொண்டுவந்து தருவார்?

போர் தின்ற ஆண்டுகள்

அதன் பின்னர் வந்த போரைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990இன் பின் குடாநாட்டுக்கு மருந்தும் எரிபொருளும் எண்ணி அளந்தே விடப்பட்டன. 1995 ஒக்டோபர் முடிவில், மழை கொட்டும் இரவில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நிறைமாதக் கர்ப்பிணிகளும் அந்தச் சனநெரிசலில் அடியடியாக நகர்ந்தனர்.

அத்தகைய காலத்திலும் ஊர் மருத்துவிச்சிகள் பணியை விட்டு ஓடவில்லை. குப்பி விளக்கின் ஒளியில் பிள்ளை பெறுவித்தார்கள். அவர்களுக்குப் பதக்கம் கிடையாது. பளிங்குக் கல்லில் பெயர் கிடையாது. ஆயினும் அன்றைக்குப் பிறந்தவர்களே இன்று தாய்மாராகியிருக்கிறார்கள்.

இன்று நடப்பது என்ன?

போர் முடிந்தது. கட்டடங்கள் எழுந்தன. 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இலங்கைப் பெண்களை அதிகமாகப் பீடிக்கும் புற்று மார்பகப் புற்றே. ஆதலால் வடக்கின் பெண்களுக்கு இது பேருதவி. ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கால்நடையாக நடந்து திரட்டிய நிதியினாலே வந்தது. நடந்த கால்களுக்கு எமது வணக்கம். ஆனால், அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்விக்க மக்கள் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டுமா?

ஆனையிறவுக்கு அப்பால் கிளிநொச்சியில், நெதர்லாந்தின் உதவியுடன் கட்டப்பட்ட பெண்கள் சுகாதார மேன்மை நிலையத்தை 2024 மே மாதத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க திறந்து வைத்தார். வட மாகாணம் முழுவதற்குமான நிலையம் என்று சொல்லப்பட்டமையால் குடாநாட்டுப் பெண்களுக்கும் அதிலே பங்குண்டு. நல்லது, வரவேற்கின்றோம். ஆனால் வெளிநாடு கட்டடத்துக்குப் பணம் தரும். கருவிக்கும் பணம் தரும். மகப்பேற்று நிபுணருக்கும் தாதிக்கும் மருத்துவிச்சிக்கும் மாதாமாதம் சம்பளம் தருமா? தராது. அது எமது திறைசேரியின் கடமை. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கட்டடம் இரவற் பணத்தில் வரும். ஆகவே அரசாங்கம் அதை விரும்புகிறது. சம்பளம் சொந்தப் பணத்தில் வர வேண்டும். ஆகவே அதை ஒத்திப்போடுகிறது. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. வெற்றிடம் நிரப்புவதற்கு விழா ஏது?

ஏறத்தாழ மூவாயிரம் மக்களுக்கு ஒரு குடும்பநல மருத்துவிச்சி என்பது இந்நாட்டுச் சுகாதாரத் துறை தானே வகுத்த அளவுகோல். ஒரு பிரிவிலே ஆள் இல்லையென்றால் அயற்பிரிவுக்காரி இரண்டையும் சுமக்கிறாள். இரண்டைச் சுமப்பவள் எதைச் செம்மையாய்ப் பார்ப்பாள்? வீடு தேடி வந்தவள், பதிவேட்டில் ஒப்பமிடுவதோடு நின்றுவிடுகிறாள். அது அவள் பிழையன்று. இரண்டு பேரின் வேலையை ஒருத்தியின் தலையில் ஏற்றியவர்களின் பிழை.

1996 முதல் "சுவநாரி" என்ற பெண்கள் நல நிலையங்கள் நடக்கின்றன. 35 வயதை எட்டிய பெண் அங்கே சென்று இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து யாவற்றையும் சோதித்துக்கொள்ளலாம். 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் ஊசியும் ஏற்றப்படுகிறது. திட்டத்திலே பழுதில்லை. ஆனால் வேலைநாட் காலையிலே நிலையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "பெண்கள் வருகிறார்களில்லை" என்று கவலைப்படுவதில் பொருளென்ன? வலிகாமத்துத் தோட்டத்திலே வெங்காயம் கிண்டும் பெண்ணுக்கு, கடற்கரையிலே கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கு, போரிலே கணவனை இழந்து தனியே குடும்பம் சுமக்கும் பல்லாயிரம் பெண்களுக்கு, ஒரு காலைப்பொழுது என்பது ஒரு நாட்கூலி! அவள் வரமாட்டாள். அழைத்துவர மருத்துவிச்சி வீட்டுக்குப் போக வேண்டும். மறுபடியும் நாம் அந்தக் கையிடமே வந்து நிற்கின்றோம்.

நெடுந்தீவுக்குப் போவோம். சத்திரசிகிச்சை தேவைப்படும் தாய் அங்கிருந்து குறிகாட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலைக் கடக்க வேண்டும். பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியாகப் பட்டினம் வர வேண்டும். 2018 முதல் வடக்கிலே 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வருகிறது. இந்திய உதவியால் வந்த அச்சேவை பாராட்டுக்குரியதே. ஆனால் வண்டி தரையிலே ஓடும். மார்கழிக் கடல் கொந்தளிக்கும்போது தீவுத் தாயின் உயிருக்கு யார் பொறுப்பு?

மொழியும் மருந்தே

சில நோவுகளைப் பெண் தன் தாயிடமே மெதுவாய்த்தான் சொல்வாள். அவற்றை மொழி தெரியாத ஒருவரிடம், இடையிலே மொழிபெயர்க்கும் சிற்றூழியர் ஒருவரை வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வாள்? சிங்களம் மட்டும் என்று 1956இல் சட்டம் இயற்றினார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். ஏட்டிலே எழுதியது வைத்தியசாலைக் கட்டிலருகே வந்ததா என்பதே கேள்வி. வடக்குக்கு வந்து பணிபுரியும் சிங்கள வைத்தியர்களை நாம் பழிக்கவில்லை. அவர்களிற் பலர் அன்போடு உழைப்பவர்கள். நாம் பழிப்பது, அவர்களுக்குத் தமிழ் கற்பிக்காமலே அனுப்பிவைக்கும் நிருவாகத்தை. அமெரிக்காவிலிருந்து வந்த கிறீனுக்கு 170 ஆண்டுகளுக்கு முன் விளங்கிய உண்மை கொழும்புக்கு இன்னும் விளங்கவில்லையா?

சாக்குப்போக்குகள்

"நாடு முழுவதற்குமான புள்ளிவிபரம் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். கிணற்றின் சராசரி ஆழம் முழங்காலளவு என்று நம்பி இறங்கியவன் மூழ்கிப்போவான்! நாட்டின் சராசரி நெடுந்தீவுத் தாய்க்குப் படகு விடாது.

"2022இல் நாடு வங்குரோத்தாயிற்று, பணமில்லை" என்பார்கள். உண்மை. மருந்து தட்டுப்பட்டது, வைத்தியர் பலர் கடல் கடந்தனர், கர்ப்பிணிகளுக்கான திரிபோஷாவும் தட்டுப்பட்டது. ஆனால் வறுமையிலே முதலில் வெட்ட வேண்டியது எதை? அந்நாட்களில் இத்தீவு செல்வந்த நாடாக இருந்தா மருத்துவிச்சியை ஊருக்கு அனுப்பியது? ஏழை நாடு கண்டுபிடித்த மலிவான மருந்தே அவள்.

"சுகாதாரம் மாகாண சபையின் பொறுப்பு" என்று கொழும்பு கூறும். பதின்மூன்றாம் திருத்தம் அவ்வாறே சொல்கிறது. ஆனால் மருத்துவிச்சிகளைப் பயிற்சிக்குச் சேர்ப்பது கொழும்பு. பெரியாஸ்பத்திரி கொழும்பின் கையில். பணப்பை கொழும்பின் இடுப்பில். வட மாகாண சபையோ 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல, தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே கழிந்தன. பொறுப்பு மாகாணத்துக்கு, அதிகாரம் மத்திக்கு, சபை யாருக்கும் இல்லை! வாக்கு வந்ததும் மருத்துவிச்சி வந்தாள் என்று மேலே சொன்னோம். வாக்கைப் பறித்தால் அவளும் போய்விடுவாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்மவருக்கும் ஒரு வார்த்தை

தமிழ்த் தலைவர்களையும் நாம் விடமாட்டோம். திறப்பு விழா மேடையில் முதல் வரிசை நாற்காலிக்குப் போட்டியிடும் பெருமக்கள், மருத்துவிச்சி வெற்றிடங்களைப் பற்றி எத்தனை முறை வாய் திறந்தனர்? 2024 நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்து 6 ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்கு மக்கள் கொடுத்தது எதனால் என்று இன்னும் விளங்கவில்லையா? பழையவர் பேச்சு புளித்ததனால். ஆட்சிப் பக்கத்தில் அமர்ந்த மூவருக்கும் சொல்கின்றோம்: நம்பிக்கை இரவல், வட்டியுடன் திருப்ப வேண்டும்.

நமது வீடுகளும் குற்றமற்றவை அல்ல. மருமகளின் சோகையைச் "சோம்பல்" என்போர் உண்டு. மார்பில் கட்டி என்று தெரிந்தும், மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று மறைக்கும் தாய்மார் உண்டு. நாணம் பெண்ணுக்கு அழகு என்று பேசிப் பேசி அவளைச் சுடலைக்கு அனுப்பாதீர்கள்!

நாம் கேட்பது

குடாநாட்டின் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் எத்தனை மருத்துவிச்சி இடங்கள் வெறுமையாக உள்ளன என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுக. அவ்விடங்களுக்கு அவ்வவ்வூர்ப் பெண்களையே சேர்த்துப் பயிற்றுக. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் மகப்பேற்று நிபுணரின் கதிரை ஒருநாளும் வெறுமையாகாதிருக்க வழி செய்க. தீவுகளுக்கு எக்காலமும் ஓடும் நோயாளர் படகு தருக. பெண்கள் நல நிலையங்களை மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்து வைக்குக. வடக்கிற் பணியாற்ற வருவோருக்குத் தமிழ் கற்பிக்குக. இவையெல்லாம் நடக்கின்றனவா என்று கேட்கும் சபையை, மக்கள் வாக்கால் அமைக்குக.

இவை பிச்சையல்ல. மிஷனரிமாரின் அன்பாலும், நடந்தவர்களின் கால் நோவாலும், அந்நிய அரசுகளின் தயவாலும் நமது தாய்மார் வாழ்ந்தது போதும். வரி கொடுக்கும் குடிமகளுக்கு வைத்தியம் உரிமை. ஆட்சியாளரே, நாடா வெட்டும் கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் வையுங்கள். தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலைப் பிடிக்க ஒரு கையை அனுப்புங்கள்!